யோகராஜ் பிடித்த கயிறு

யோகராஜ், மச்சான், வருகிற மாதம் உன் ஆண்டுத் திதி. நம் லயத்துப் பொடியன்கள் உன் பேரில் சின்னதாக ஒரு புத்தகம் அச்சடிக்கப் போகிறார்களாம். ஆளுக்கொரு பக்கம் எழுத வேண்டும், நான் மட்டும் நிறைய எழுத வேண்டும் என்று தாள் கொடுத்துவிட்டுப் போனார்கள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன், எனக்கு எங்கே எழுத வரும்? உன் பேரை மட்டும் முதலில் எழுதி வைத்தேன்.

இந்த வருஷம் மரம் கழிக்கிற வேலைக்கு மிஷின் வாள் வந்துவிட்டது. நீளமான கம்பியில் வாள் இருக்கிறது, கீழே நின்றே பாதி மரத்தைக் கழித்துவிடலாம். புதிதாகச் சேர்ந்த பொடியன்கள் என்னிடம் வந்து, கயிற்றில் தொங்கி வேலை செய்தீர்களாமே, எப்படி என்று கேட்கிறார்கள். முப்பது வயதில் வேலையை விட்டதால் எனக்கு 'பென்சன்காரர்' என்று பேரும் வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன், அதனால் இனி உன்னை 'யோகா' என்றே எழுதுகிறேன்.

தோட்டத்து வேலை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தேயிலைக்கு நடுவே நிழலுக்காக, எங்கள் பக்கத்தில் சவுக்கு என்று சொல்கிற உயரமான சில்வர் ஓக் மரங்கள் நிற்கும். பெரிய மழை தொடங்குமுன் அவற்றின் கிளைகளைக் கழித்துவிட வேண்டும். கழிக்காவிட்டால் செடிக்கு வெயில் படாமல் இலையில் கொப்புளம் விழுந்து கொழுந்து கெட்டுவிடும். இரண்டு இரண்டு பேராகத்தான் வேலை. ஒருவன் ஏறுவான், ஒருவன் கீழே நின்று கயிறு பிடிப்பான். நான் ஏறுகிறவன். யோகா பிடிக்கிறவன். ஒரே லயத்தில், அதாவது ஒரே வரிசை வீட்டில், பக்கத்துப் பக்கத்துக் காம்பரா அறைகளில் பிறந்து, ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் நாங்கள். முதல் வருஷம் கிளை இழுத்தோம், விறகு கட்டினோம், திட்டு வாங்கினோம். அந்த வருஷத்தைப் பற்றி வேறு சொல்ல ஒன்றுமில்லை.

எங்களுக்கு மேலே இருந்தவர் முத்தையா கங்காணி. அதிகம் பேச மாட்டார். காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டு முடிந்து ஆட்களைப் பிரித்து அனுப்பியதும், எல்லாருடைய கயிற்றையும் வாங்குவார். தலையில் பேன் பார்க்கிற மாதிரி முழம் முழமாக விரலால் தடவிக்கொண்டே போவார். ஓர் இழை பிரிந்திருந்தாலும் விரல் நின்றுவிடும். அந்தக் கயிறு அன்றைக்கு மாட்டுக்குத்தான். தடவி முடித்ததும் ஒரு முனையை மரத்தில் கட்டி, மறுமுனையைத் தன் இடுப்பில் சுற்றி, பின்பக்கமாகச் சாய்ந்து முழுப்பாரத்தையும் கொடுப்பார். பிறகு கயிற்றைக் கொண்டுபோய்ப் பிடிக்கிறவன் கையில் கொடுப்பார். ஏறுகிறவனிடம் ஒரு நாளும் கொடுத்ததில்லை.

பிடிக்கிறவன் வாயில் வெற்றிலை இருக்கக் கூடாது என்பது அவருடைய சட்டம். மேலே இருந்து "போடவா?" என்று குரல் வந்தால், கீழே கொழுந்து எடுக்கிற பொம்பளைகள் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு உடனே பதில் சொல்ல வேண்டும். வெற்றிலையைத் துப்பிவிட்டுப் பதில் சொல்வதற்குள் கிளை விழுந்துவிடும் என்பார். யோகாவுக்கு அந்தச் சட்டம் பிடித்திருந்தது. வாய் காலியாக இருந்தால் அவன் பேசிக்கொண்டே இருக்கலாம். நான் மேலே வெட்டிக்கொண்டிருப்பேன், அவன் கீழே இருந்து ஊரில் இருக்கிற எல்லார் மாதிரியும் பேசிக் காட்டுவான். சிரித்துக் கை வழுக்கப் போகிறது என்று கங்காணி ஏசுவார். ஆனால் கயிற்றைப் பற்றி யோகாவுக்கு ஒரு நாளும் ஏச்சு விழுந்ததில்லை.

நான் விழுந்த நாளில் மழை இல்லை, காற்றும் இல்லை. ஸ்பிரிங்வெளிக்குப் போகிற பஸ் கீழே வளைவில் ஏறுவது எனக்கு மேலே இருந்து தெரிந்தது. நான் நின்ற கிளை வெளியே பச்சையாக இருந்தது, உள்ளே உளுத்துப் போயிருந்தது. கத்தியை ஓங்கியபோது காலுக்குக் கீழே ஒன்றுமில்லாமல் போனது. கயிற்றை அக்குளுக்குக் கீழே நெஞ்சைச் சுற்றிக் கட்டி, மேலே இருக்கிற கிளைக் கவட்டையில் போட்டிருந்தேன், அதன் மறுமுனையைத்தான் யோகா பிடித்திருந்தான். கொஞ்ச தூரம் விழுந்ததும் கயிறு இறுகியது. அந்த வேகத்தில் ஊஞ்சல் மாதிரி ஆடிப் போய் இடது பக்கம் அடிமரத்தில் மோதினேன்.

கத்த வேண்டும் என்று வாயைத் திறந்தேன். மூச்சு இருந்தால்தானே கத்த முடியும். கீழே யோகா, "சிவா, பேசுறா, பேசுறா" என்று திரும்பத் திரும்பச் சொன்னது மட்டும் கேட்டது. சொல்லிக்கொண்டே கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு என்னைத் தரையில் இறக்கினான். அவனுடைய இரண்டு உள்ளங்கையிலும் தோல் இல்லை. முதல் இழுப்பிலேயே உரிந்துவிட்டது, அந்தக் கையோடுதான் என்னைக் கீழே இறக்கி முடித்தான்.

கொழுந்து லொறியில் எங்கள் இரண்டு பேரையும் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். படம் எடுத்துப் பார்த்து இடது பக்கம் மூன்று விலா எலும்பு உடைந்திருக்கிறது என்றார்கள். நுரையீரலில் குத்தவில்லை, அது என் நல்ல காலம். கை கால் உடைந்தால் போடுகிற மாதிரி மாவுக்கட்டு விலாவுக்குக் கிடையாதாம். தானாகத்தான் கூட வேண்டும். மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுக்கிற மிஸ் ஒருவர் கட்டிலுக்கு வந்தார். தலையணையை அடிபட்ட பக்கத்தில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொள்ள வேண்டும், நன்றாக மூச்சு இழுக்க வேண்டும், பிறகு இருமிச் சளியைத் துப்ப வேண்டும். விழித்திருக்கிற நேரமெல்லாம் அடிக்கடி செய்ய வேண்டும் என்றார். வலிக்குமே என்றேன்.

"நோகும்தான். நோகுதுன்னு மூச்ச அடக்கினா சளி உள்ளுக்கே தங்கிரும். எலும்ப விட எனக்கு அதுதான் பயம்."

மறுபடியும் மரம் ஏற முடியுமா என்று கேட்டேன். அந்த நேரத்தில் எனக்கு வேறு யோசனையே இல்லை. அப்பா இல்லாத வீடு, எனக்குத் தெரிந்த ஒரே வேலை அது. நெஞ்சு சுத்தமாக இருந்து மூச்சு முழுசாகத் திரும்பினால் ஏறலாம், சளி கட்டிக் காய்ச்சல் வந்துவிட்டால் எதையும் சொல்ல முடியாது என்றார். இரண்டு கையிலும் துணி சுற்றிக்கொண்டு யோகா பக்கத்தில் நின்றான். சிரித்தால் பரவாயில்லையா என்று மிஸ்ஸிடம் கேட்டான். சிரிப்பதும் நல்லதுதான் என்று அவரும் சிரித்தார். அம்மா அந்த நேரத்தில் அங்கே இல்லை. அவர் பஸ் பிடித்து வந்து சேர்ந்தது பிறகுதான்.

வீட்டுக்கு வந்ததும் லயமே திரண்டு வந்தது. ஆளுக்கு ஒரு பிஸ்கட் பெட்டி, ஆளுக்கு ஒரு புத்தி. எல்லாரும் சொன்ன புத்தி ஒன்றேதான்: அசையாதே, பேசாதே, இருமாதே. கை ஒடிந்தால் கட்டுகிற மாதிரி நெஞ்சையும் இறுக்கிக் கட்டினால்தான் எலும்பு கூடும் என்றார்கள். அம்மா தன்னுடைய பழைய சேலையைக் கிழித்து என் நெஞ்சைச் சுற்றி இறுக்கினார். எனக்கும் அது இதமாக இருந்தது. இறுக்கிக் கட்டினால் மூச்சு குறைவாகத்தான் இழுக்க முடியும், குறைவாக இழுத்தால் வலி குறைவு. மிஸ் சொன்னது எனக்குத் தெரியும். ஆனால் வலிக்கிறபோது அம்மா சொல்வதுதான் சரியாகத் தெரிகிறது.

யோகா முதல் நாள் வந்ததும், என்னைப் பார்க்க வந்த பெரியவர்கள் எல்லாரும் எப்படி மூஞ்சியை வைத்திருந்தார்கள் என்று ஒவ்வொருவராகச் செய்து காட்டினான். நான் சிரித்து, வலியில் கண்ணீர் விட்டு, கட்டிலைப் பிடித்துக்கொண்டு அலறினேன். அம்மா ஓடி வந்தார். யோகா விடவில்லை. "அத்தே, இருமணும், சிரிக்கணும்னு மிஸ்ஸே சொன்னாங்க. அந்தச் சேலையக் கழட்டுங்க" என்றான்.

அதை யார் நம்புவார்கள்? பிறந்ததில் இருந்து பகிடி, கேலி தவிர வேறு பேசாதவன்.

"ஒடஞ்ச நெஞ்ச வச்சிக்கிட்டு எவளாச்சும் சிரிக்கச் சொல்வாளா? எம்புள்ள நெஞ்சு கூடுற வரைக்கும் நீ இந்த வாசப்படிய மிதிக்காத" என்று அம்மா அவனை வெளியே அனுப்பிவிட்டார். நானும் வாயைத் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு வீடு செத்த வீடு மாதிரி ஆகிவிட்டது. ரேடியோ இல்லை. பக்கத்துப் பிள்ளைகளைக்கூட வாசலில் விளையாட விடவில்லை. நான் மேலே பார்த்துக்கொண்டு மேல்மூச்சு மட்டும் விட்டுக்கொண்டு கிடந்தேன். சில நாளில் உடம்பு கணகணவென்று சுட்டது. மூச்சு விடும்போது நெஞ்சுக்குள்ளே உலை கொதிக்கிற மாதிரி சத்தம் வந்தது. எழுந்து கக்கூசுக்குப் போய் வருவதற்குள் மேலும் கீழும் மூச்சு வாங்கியது. அம்மா சேலையை இன்னும் கொஞ்சம் இறுக்கினார்.

எங்கள் லயத்தில் காம்பராவுக்குக் காம்பரா சுவர் உண்டு, ஆனால் அது கூரை வரைக்கும் போகாது. மேலே ஓர் ஆள் உயரத்துக்குச் சும்மா கிடக்கும். ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் நூறு ஆயுசு என்பார்கள். யோகாவின் வீடு அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம். ஒரு நாள் அம்மா விறகுக்குப் போன நேரம், அந்தப் பக்கத்தில் இருந்து கொழுந்து நிறுக்கிற இடத்துக் கணக்கப்பிள்ளையின் குரல் கேட்டது. அப்படியே அவர்தான் என்று நினைத்தேன்.

"அடுத்த ஆளு வா. பேரென்னா? சிவகுமாரா? என்னாப்பா மூட்ட இவ்வளவு லேசா இருக்கு. சளி ரெண்டு கிலோ. தண்ணிக்கு ஒரு கிலோ கழிச்சாச்சு. மிச்சம் ஒரு கிலோ. இதுக்கெல்லாம் அரப்பேருதான் போட முடியும்."

தோட்டத்தில் சொன்ன அளவு கொழுந்து எடுக்காதவர்களுக்குப் பாதி நாள் சம்பளம்தான், அதைத்தான் அரைப்பேர் என்பது. எனக்குச் சிரிப்பு முட்டியது. பல்லைக் கடித்தேன்.

"முழுப்பேரு வேணுமா? அப்ப இன்னொரு இருமல் இருமு. அட, என்னா மொறைக்கிற? தொரகிட்டப் போய்ச் சொல்லுவியா? போ, தொரைக்கும் சளிதான்."

அடக்க முடியவில்லை. சிரித்தேன். விலாவில் யாரோ கத்தியைச் செருகி முறுக்குகிற மாதிரி இருந்தது. சிரிப்பு இருமலாக மாறி, இருமலை நிறுத்த முடியாமல், தலையணையை அணைத்துக்கொண்டு குனிந்தேன். சாம்பல் போட்டு வைத்திருந்த சிரட்டையில் கட்டி கட்டியாகச் சளி விழுந்தது, பழுப்பும் பச்சையுமாக. பிறகு யோகா தன்னுடைய சொந்தக் குரலில் மெதுவாகக் கேட்டான்.

"சிவா, வந்துருச்சா?"

"வந்துருச்சு."

"இன்னொன்னு இருமுடா. நான் இங்கதான் இருக்கேன்."

விறகோடு வந்த அம்மா முதலில் சுவரைப் பார்த்துத் திட்டத் தொடங்கினார். பிறகு சிரட்டையைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். உட்கார்ந்து சேலைக் கட்டை அவிழ்த்தார். அவிழ்த்ததும் நான் இழுத்த மூச்சு எனக்கே புதிதாக இருந்தது. அன்றைக்கே என்னைப் பதுளைக்குக் கூட்டிப் போனார். இன்னும் சில நாள் விட்டிருந்தால் ஆளைத் தூக்கி வந்திருப்பீர்கள் என்று அங்கே ஏசி, காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தார்கள். திரும்பி வந்த அம்மா, யோகா வீட்டு வாசலில் நின்று, அவன் சம்சாரம் வசந்தியிடம், "ஒம் புருசன வரச் சொல்லு. டீ ஊத்தி வச்சிருக்கேன்" என்று மட்டும் சொன்னார்.

பொடியன்களே, இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். விலா உடைந்தால் கட்டாதீர்கள். எவ்வளவு வலித்தாலும் இருமுங்கள். ஆஸ்பத்திரியில் சொல்வதை வீட்டில் இருக்கிறவர்களுக்கும் கேட்கிற மாதிரி சொல்லச் சொல்லுங்கள்.

அதற்குப் பிறகு யோகாதான் எனக்கு மிஸ். கை ஆறுகிற வரைக்கும் அவனுக்கும் வேலை இல்லை. என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து தலையணையை அணைத்துப் பிடிப்பான், நான் இருமுவேன். முதலில் தண்ணீர் பிடிக்கிற பீலி வரைக்கும் நடந்தோம், பிறகு கோவில் வரைக்கும், பிறகு மேட்டுக்கு. ஒரு நாள் மேட்டில் உட்கார்ந்திருந்தபோது அவன் பகிடி இல்லாமல் பேசினான்.

"நான் கயித்தப் பட்டுனு இறுக்கிட்டேன்டா. கொஞ்சம் விட்டு விட்டுப் புடிச்சிருந்தா ஒன் எலும்பு தப்பியிருக்கும்."

"விட்டிருந்தா நானே தப்பியிருக்க மாட்டேன்."

"அது சரிதான். ஆனா ஒடஞ்ச சத்தம் எனக்குக் கீழ கேட்டுச்சுடா."

நான் அவன் கையைப் பிடித்துப் பார்த்தேன். உள்ளங்கையில் புதுத்தோல் ரோஸ் நிறத்தில் பளபளத்தது. மூச்சு முழுசாகத் திரும்பியதும் நீயேதான் பிடிக்க வேண்டும் என்றேன். வேறு யார் பிடித்தாலும் ஏற மாட்டேன் என்றேன். சரி என்றான்.

மழை நெருங்கியது. கழிக்க வேண்டிய மரம் நிறையக் கிடந்தது. கை ஆறியதும் யோகாவைக் கூப்பிட்டார்கள், ஏறுகிற ஆள் இல்லாததால் அவனையே ஏறச் சொன்னார்கள். அவனுக்கும் ஏறத் தெரியும். நான் இன்னும் மேட்டில் ஏறினால் நின்று நின்று மூச்சு வாங்குகிற நிலைமையில் இருந்தேன்.

இலைக்குள் மறைந்து குளவிக் கூடு இருந்திருக்கிறது. கீழே இருந்தும் தெரியவில்லை, மேலே இருந்தும் தெரியவில்லை. கிளை ஆடியதும் கிளம்பிவிட்டன. கீழே பக்கத்துச் சரிவில் பொம்பளைகள் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். "ஓடுங்க, ஓடுங்க" என்று மேலே இருந்து கத்தியது அவன்தான். அவர்கள் ஓடித் தப்பினார்கள். கயிற்றில் கட்டி இருக்கிறவன் எங்கே ஓடுவது? அன்றைக்குக் கயிறு பிடித்தவரையும் முகமெல்லாம் கொட்டியது. அவர் கயிற்றை விடவில்லை. கொட்டக் கொட்ட நின்று அவனை இறக்கினார். அவர்மேல் யாரும் ஒரு குறையும் சொல்லக் கூடாது. அதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருமுன் யோகா போய்விட்டான்.

வீட்டுக்குக் கொண்டுவந்தபோது லயமே அலறியது. என்னால் முடியவில்லை. அழுகை நெஞ்சு வரைக்கும் வந்தது, விலாவில் இடித்து நின்றுவிட்டது. நான் சுவரோடு ஒண்டிக்கொண்டு, பழையபடி மேல்மூச்சு மட்டும் விட்டுக்கொண்டு, அசையாமல் உட்கார்ந்திருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கத்தில் வசந்தியின் சத்தமும் அவர்கள் குழந்தையின் சத்தமும் கேட்டது. அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். என் நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தார்.

"அழு ராசா. நோகும். நோகட்டும், அழுதுரு."

அவர் இரண்டு கையாலும் என் விலாவைச் சேர்த்து அணைத்துப் பிடித்துக்கொண்டார். அழுதேன். அன்றைக்கு வலித்த மாதிரி விழுந்த அன்றுகூட வலிக்கவில்லை.

பாடையைத் தூக்க நான் தோள் கொடுக்கப் போனபோது கங்காணி தடுத்தார். எனக்கு ஆத்திரம் வந்தது. வசந்திதான் என்னிடம் வந்து, "தூக்க வேணாம் அண்ணே. நீங்க கூட நடங்க, போதும்" என்றாள். மயானம் வரைக்கும் ஏற்றம். எங்கேயும் நிற்காமல் நடந்தேன். மூச்சு வாங்கவில்லை என்பதைத் திரும்பி வந்த பிறகுதான் கவனித்தேன்.

அடுத்த மாதம் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, நெஞ்சு சுத்தமாக இருக்கிறது, பழைய வேலைக்குப் போகலாம் என்றார்கள். எதற்காக அவ்வளவு வலியைத் தாங்கினேனோ அது கிடைத்துவிட்டது. பெரட்டுக்குப் போனேன். கங்காணி கயிற்றைத் தடவிப் பார்த்து, சாய்ந்து பார்த்து, நல்ல ஆளாகப் பார்த்துக் கையில் கொடுத்தார். ஏறினேன். முதல் கிளை, இரண்டாம் கிளை. மூச்சு நன்றாக வந்தது. கீழே பார்த்தேன். அந்த மனிதர் கால் அகட்டி, கயிற்றைச் சரியாகப் பிடித்துக்கொண்டு, என்னையே பார்த்துக்கொண்டு பேசாமல் நின்றார். என்னால் கத்தியை ஓங்க முடியவில்லை.

"நெஞ்சு நோகுதா?" என்று கங்காணி கேட்டார்.

"இல்லைங்க."

"அப்ப என்னா?"

கத்தியை இடுப்பில் செருகிவிட்டு அடிமரத்தைப் பிடித்துக்கொண்டேன். கங்காணி மரத்தடிக்கு வந்து நின்றார்.

"எறங்குப்பா. பாத்து மெதுவா எறங்கு."

இறங்கினேன். அதோடு சரி. இப்போது பதுளையில் ஒரு முஸ்லிம் நானாவின் மரக்கறிக் கடையில் மூட்டை தூக்குகிறேன். கோவா, உருளைக்கிழங்கு மூட்டையைத் தோளில் வைத்துப் படி ஏறினாலும் நெஞ்சு ஒன்றும் செய்வதில்லை. மழைக்கு முன்னால் மட்டும் இடது பக்கம் கொஞ்சம் இழுக்கும். வசந்தி கொழுந்துக்குப் போகிறாள். பிள்ளை அப்பா மாதிரியே வாய். என் அம்மாதான் அதைப் பார்த்துக்கொள்கிறார்.

இதை வாசிக்கிற எல்லாரிடமும் நான் ஒன்று கேட்கிறேன். திதி அன்றைக்கு நம் மாரியம்மன் கோவிலில் யோகராஜ் பேரில் விளக்கு வைக்கிறோம். வர முடிந்தவர்கள் வாருங்கள். வர முடியாதவர்கள் இருக்கிற இடத்தில், நீங்கள் கும்பிடுகிற சாமி எதுவாக இருந்தாலும், அவன் பேரைச் சொல்லி அவனுக்காகக் கேளுங்கள். கடைசியில் அவனுக்கு ரொம்ப வலித்திருக்கும். இப்போது அவனுக்கு எங்கேயும் வலி இருக்கக் கூடாது என்று கேளுங்கள்.